பாபின் உருண்ட மூலை

போன மாதம் புத்தூரில் ஒரு புதுமனை புகுவிழா. அந்த வீட்டு மருமகள் என்னைக் கண்டுபிடித்தபோது நான் அவர்களுடைய புது சோபாவுக்கு அடியில் குப்புறப் படுத்திருந்தேன். பட்டுப்புடவை, தலையில் இரண்டு முழம் மல்லிகை, வயது ஐம்பத்துமூன்று.

"ஆன்ட்டி, தோடு ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இல்லம்மா. பாபின்."

"என்னது?"

"தையல் மெஷின்ல நூல் சுத்திப் போடுவாங்களே, அந்தப் பாபின்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தன் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் என்னோடு காலேஜில் படித்தவள். இவளை எனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று அவள் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பாபின் விழவில்லை. நான்தான் விட்டேன். நாற்பது வருஷத்துக்கு மேலாக, எந்த வீட்டுக்குப் போனாலும் கைப்பையிலிருந்து அதை எடுத்து, யாரும் பார்க்காதபோது தரையில் விடுவது என் வழக்கம். விட்ட இடத்திலேயே நின்றால் கேசரியை நிம்மதியாகச் சாப்பிடுவேன். உருண்டால், அது போன மூலையைப் பார்த்துவிட்டு, "இந்த மனையில முன்னாடி கிணறு ஏதாச்சும் இருந்துச்சா?" என்று கேட்பேன். பேங்கில் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில், அவர்கள் போட்ட கேசரி வாய்க்குள் இருக்கும்போது கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது. என் கணவர் இப்போதெல்லாம் பரிசுப் பொட்டலத்தை வாசலிலேயே நீட்டிவிட்டு, "இவளுக்குத் தலைவலி" என்று என்னைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுகிறார்.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடமும் இப்படி ஒரு கிறுக்கு எங்காவது ஒளிந்திருக்கும். என்னுடையது ஸ்ரீரங்கத்தில், எனக்கு ஒன்பது வயதான ஆனி, ஆடி மாதங்களில் பிடித்தது.

எங்கள் வீடு அகலம் குறைந்து நீளம் கூடிய வீடு. ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக அறைகள், கடைசியில் கொல்லை, கொல்லையில் ஒரு கிணறு. முனிசிபாலிட்டிக் குழாய் வீட்டுக்குள் வந்ததும் அந்தக் கிணறு யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. அதே வருஷத்தில்தான் அப்பாவின் தங்கை, என் அத்தை, முசிறியில் புருஷன் வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்த அன்று முழுக்க இடது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். மயிரிழையில் பாதியை அளக்கிற ஆள் என்று அங்கே அவருக்குப் பெயர். வீட்டில் அவர் வேகமாக முடிவெடுப்பார். தங்கைக்கு ஓர் அறை வேண்டும், கொல்லையில் கிணறு சும்மா இருக்கிறது. மூடி, மேலே கட்டிவிடலாம். உடைந்த ஓடு, பழைய செங்கல், தென்னை மட்டை, கால் போன பெஞ்சு, வீட்டில் யாருக்கும் ஆகாத எல்லாமே அந்தக் கிணற்றுக்குள் போயிற்று. நானும் ஒரு கிழிந்த பாயை என் பங்குக்குப் போட்டேன்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், உள்ள போட்டதெல்லாம் மக்கி எறங்கும். மணல் கொட்டி, தண்ணி விட்டு, ஒரு மழை பாத்துட்டு மேல கட்டுவோம்."

"அந்த மழை வர்ற வரைக்கும் என் தங்கச்சி எங்கய்யா படுப்பா?"

அப்பா அதைச் சொன்ன குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்த அறை அவசரத்தில் எழும்பியதற்குக் காரணம் அன்புதான். இதை நான் மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் பின்னால் வருவதைப் படித்துவிட்டு நீங்கள் அவரைத் திட்டப் போகிறீர்கள்.

கொத்தனார் இன்னொன்றும் செய்திருந்தார். கிணற்றை மூடினால் அது மூச்சுவிட ஒரு குழாயை மேலே நீட்டி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தக் குழாய் அறையின் ஒரு மூலையில், தரைக்கு மேலே ஒரு முழம் துருத்திக்கொண்டு நின்றது. "அதை மட்டும் எடுத்துடாதீங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அப்பா ரம்பத்தை எடுத்துவிட்டார். "கிணத்துக்கு மூக்கா இருக்கு?" என்று அறுத்துத் தள்ளி, சிமெண்ட் பூசி, மேலே சிவப்புச் சாயம் போட்டு மெழுகியும் விட்டார்.

அத்தை தன் கையிலிருந்த இரண்டு வளையலை விற்று ஒரு கால்மெஷின் வாங்கினாள். மூன்று வருஷத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் அவள் தைக்காத ரவிக்கை இல்லை. அம்மாவிடம் மாதாமாதம் ஏதோ கொடுப்பாள். அம்மா, "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொள்வாள். முசிறியிலிருந்து யாராவது சமாதானம் பேச வந்தால், அத்தை அறைக்குள் போய் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். வந்தவர் பேசுவது அவள் காதில் விழாது. அந்த மெஷின் அவளுக்குச் சோறு போட்டது மட்டும் அல்ல, அவளுக்காகப் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தது.

எனக்கு அந்த அறைதான் உலகம். மெஷினுக்கு அடியில் உட்கார்ந்தால் மேலே எண்ணெயும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த வாசனை, முன்னால் அத்தையின் பாதங்கள், சுற்றிலும் வெட்டுத்துணி. பிஸ்கட் டப்பா நிறைய பாபின்கள். எல்லாம் பளபளவென்று இருக்கும். எனக்கு அவை வெள்ளிச் சக்கரங்கள்.

எனக்கு ஒன்பது வயதான அந்த வருஷக் கோடையில் முதலில் கதவு சண்டித்தனம் செய்தது. அத்தை அறைக் கதவு பாதி தூரம் வந்து தரையைக் கவ்விக்கொண்டு நிற்கும். "மழைக்கு மரம் ஊதியிருக்கு" என்று அப்பா அடிப்பக்கத்தை இழைத்துவிட்டார். மழை பெய்து நாலு மாதம் ஆகியிருந்தது. பத்து நாளில் மறுபடி கவ்வியது, மறுபடி இழைத்தார். கதவுக்கு மேலே சுவரில் படிக்கட்டு போல ஒரு விரிசல் ஏறியது. அம்மா அதன்மேல் பாத்திரக்கடைக் காலண்டரை மாட்டினாள். விரிசல் வளர்ந்தது, அம்மா நகைக்கடைக் காலண்டரை மாட்டினாள், அது இன்னும் பெரியது. அறைக்கு வெளியே பாத்திரம் தேய்க்கும் இடத்தில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், கொட்டிய மாத்திரத்தில் மண்ணுக்குள் போக ஆரம்பித்தது. "இப்பத்தான் நம்ம கொல்லை கொல்லையா இருக்கு, ஒரு கொசு இல்ல" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமை பேசினாள்.

சொன்னால் நம்புங்கள், அந்த வீட்டில் யாரும் முட்டாள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு நல்ல காரணம் இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே காரணமாகப் பார்த்தவள் அத்தை மட்டும்தான். அவளுக்கும் அதைச் சொன்னது கண் அல்ல, காது.

"அண்ணி, மெஷின் சத்தம் மாறிப்போச்சு" என்றாள் ஒரு நாள். "மிதிச்சா டக்குடக்குன்னு இருந்தது, இப்ப டம்டம்முங்குது. கீழேர்ந்து யாரோ கூடவே மிதிக்கிற மாதிரி இருக்கு."

"எண்ணெய் போடு" என்றாள் அம்மா.

அத்தை எண்ணெய் போட்டாள். பிறகு தரையைத் தேடினாள். சிவப்புத் தரையில் நகம் கீறியதுபோல வளைந்து ஓடிய ஒரு கோடு கிடைத்தது. துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் அந்தக் கோட்டின் இரு முனைகளிலும் ஒரு சின்னக் குறி போட்டாள். அடுத்த வாரம் கோடு குறியைத் தாண்டியிருந்தது, மறுபடி குறி. மூன்றாவது வாரம் அம்மா அந்தத் தரையை நன்றாகத் துடைத்து, "சாக்கட்டியால கண்ட எடத்துல கிறுக்கி வச்சிருக்கா" என்று முணுமுணுத்தாள். மூன்று வாரத்து அத்தாட்சி ஈரத்துணியோடு போயிற்று.

இதே நாட்களில்தான் நான் சாமியைக் கண்டுபிடித்தேன்.

அந்த அறையில் பாபினை எங்கே வைத்தாலும் அது கொஞ்சம் யோசித்துவிட்டு, மெல்ல நகர்ந்து, வேகம் பிடித்து, ஒரே மூலைக்குப் போய் நின்றது. மெஷினுக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த மூலை. நான் எங்கள் தெருச் சிறுமிகளைக் கூட்டி வந்தேன். "அங்க பாபின் சாமி இருக்கு. அது கூப்பிட்டா இது போகும்." நுழைவுக்கட்டணம் ஒரு தேன்மிட்டாய் அல்லது பாதி சிலேட்டுக்குச்சி. நான் கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பேன், பாபின் போகும், ஏழெட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். என் வாழ்க்கையில் எனக்கு அப்படியொரு சபை அதற்குப் பிறகு அமையவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும், "சாமியும் இல்ல பூதமும் இல்லடி, தரை கோணலா இருக்கு" என்றாள். அவள் கொடுத்த சிலேட்டுக்குச்சியைத் திருப்பிக் கொடுத்து அவளை வெளியேற்றினேன்.

அத்தை ஒரு நாள் என் காட்சியை வாசலில் நின்று பார்த்தாள். கூட்டம் கலைந்ததும், "பாப்பா, இன்னொரு தடவை உருட்டு" என்றாள். உருட்டினேன். "இப்ப இந்தப் பக்கத்துலேர்ந்து." உருட்டினேன். அவள் மிட்டாய் எதுவும் தரவில்லை. முகம் வெளுத்திருந்தது.

மறுநாள் காலை அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தை அவரை நிறுத்தினாள். "அண்ணே, தரை எறங்குது. வந்து பாருங்க."

அப்பா ரசமட்டத்தை எடுத்து வந்தார். நடுவில் ஒரு நீர்க்குமிழி ஓடும் அந்த மட்டப்பலகை ஒர்க்‌ஷாப்பில் அவரோடு பதினைந்து வருஷம் இருந்தது. வாசற்படியை ஒட்டி, எட்டிய இடத்தில் வைத்தார். குமிழி கொஞ்சம் நகர்ந்தது. "இது வாட்டம்" என்றார். அறையைக் கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வெளியேறத் தரையைச் சற்றுச் சாய்த்துப் போடுவார்கள், அதைச் சொன்னார். "கொத்தனார் வேணும்னு விட்டது. வாட்டம் இல்லாம எவனாவது தரை போடுவானா?"

"வாட்டம்னா தண்ணி ஓட்டைப் பக்கம்ல இருக்கணும்? இது எதிர்மூலைக்கு இருக்குண்ணே."

அம்மா சமையலறையிலிருந்து, யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொன்னாள்: "ஹால்ல ஃபேனுக்கு அடியில படுக்கணும்னு ஆசை. நேரா கேட்டா கொடுத்துட்டுப் போறோம். அதுக்குத் தரை எறங்குதாம்."

அத்தைக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் சொன்னா நம்ப வேணாம். பாப்பா நாள் பூரா அங்கதான் பாபின் உருட்டுறா. அவளைக் கேளுங்க. எந்தப் பக்கம் போகுதுன்னு அவ சொல்லட்டும்."

அப்பா என் பக்கம் திரும்பினார். கையில் டிபன் கேரியர், கண் கடிகாரத்தில். "ஏய், எங்க போகுது?"

ஒரு பாபினைக் கீழே விட்டுப் பார்க்க மூன்று விநாடி போதும். மயிரிழையில் பாதியை அளக்கிறவர் அதைச் செய்யாமல் ஒன்பது வயதுப் பெண்ணைக் கேட்டார். அவருக்கு வேண்டிய பதில் எது என்று அவர் முகத்திலேயே இருந்தது என்பது எனக்கு இப்போது புரிகிறது. ஆனால் அன்று நான் யோசித்தது அவர் முகத்தைப் பற்றி அல்ல. உண்மையைச் சொன்னால் அறையைப் பூட்டிவிடுவார்கள். சாமி போய்விடும், சபை போய்விடும். அத்தை ஹாலுக்கு வந்துவிடுவாள். ஃபேனுக்கு நேர் கீழே இருந்த என் இடமும் போய்விடும்.

"தண்ணி ஓட்டைப் பக்கம்தான் போகும்" என்றேன்.

"கேட்டுக்கிட்டியா?" என்று சொல்லிவிட்டு அப்பா சைக்கிளை எடுத்தார். அத்தை என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, "பொய் சொல்லாதடி" என்றும் சொல்லவில்லை. உள்ளே போனாள். மெஷின் ஓட ஆரம்பித்தது. டம், டம், டம்.

அன்று முதல் அத்தை இரவில் சமையலறையில் படுத்துக்கொண்டாள். பாயையும் பாபின் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். "வீம்பு" என்றாள் அம்மா. மெஷினை ஹாலுக்குக் கொண்டு வரலாமா என்று அத்தை ஒரு தடவை கேட்டாள். "ஹால் என்ன தையல்கடையா?" என்றார் அப்பா. பகலில் அந்த அறையிலேயே தைத்தாள். ஆவணியில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினொரு ரவிக்கை ஒப்புக்கொண்டிருந்தாள்.

ஆடிப் பதினெட்டு வந்தது. காவிரியில் புதுத் தண்ணீர். எங்கள் ஊர் ஒரு தீவு. ஆற்றில் தண்ணீர் ஏறினால் ஊரிலுள்ள கிணறுகளிலெல்லாம் தானாக ஏறும். குழந்தைகளுக்கும் தெரிந்த விஷயம். மூடிய கிணற்றுக்கும் அது தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை.

அம்மாமண்டபம் படித்துறைக்குப் போனோம். புருஷனை விட்டு வந்தவள் மஞ்சள் கயிறு கட்டும் இடத்தில் எதற்கு என்று அம்மாவும் கூப்பிடவில்லை, அத்தையும் வரவில்லை. படியெல்லாம் கூட்டம், செம்மண் நிறத்தில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று. அம்மா காதோலை கருகமணியை ஆற்றில் விட்டு, கழுத்தில் கயிறு கட்டிக்கொண்டாள். எனக்கும் ஒன்று கட்டிவிட்டாள். தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும் சாப்பிட்டோம். அந்தத் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

வாசலில் தெருவே நின்றது. அப்பா விலக்கிக்கொண்டு ஓடினார். அத்தை சமையலறை நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில், காலையில் அறைக்கு எடுத்துப் போக மறந்த பிஸ்கட் டப்பா. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த கரண்டியும் அணைந்துபோன தணலும். இஸ்திரிப் பெட்டிக்கு நெருப்பு எடுக்கச் சமையலறைக்கு வந்திருக்கிறாள். முதுகுக்குப் பின்னால், ஒரு வண்டிச் செங்கல்லைக் கொட்டியதுபோலச் சத்தம். திரும்பினால் அறையில் தரை இல்லை.

நான் அப்பாவின் இடுப்புப் பக்கமாக எட்டிப் பார்த்தேன். வட்டமான குழி. கிணறு தன் பழைய அளவை மறக்கவே இல்லை. மெஷின், டிரங்குப் பெட்டி எதுவும் இல்லை. ஆழத்தில் கலங்கிய தண்ணீர். அதன்மேல் தைத்து முடித்த ஒரு மஞ்சள் ரவிக்கை கையை விரித்துக்கொண்டு மிதந்தது.

அப்பா குழியைப் பார்த்தார். பிறகு தண்ணீர் ஓட்டை இருந்த மூலையைப் பார்த்தார். அது அறையின் மறுகோடியில் அப்படியே, காய்ந்துபோய் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். கேட்கப் போகிறார் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரும் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

தெருவுக்கு ஒரே நாளில் காரணம் கிடைத்துவிட்டது. "மூச்சுக்குழாயை அறுத்தாரு, கிணறு மூச்சு முட்டி வாயைத் திறந்துருச்சு." குழாய் இருந்திருந்தால் தரை நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எனக்கு அந்தக் காரணம் மிகவும் பிடித்திருந்தது. அதில் நான் இல்லை.

இறங்கி மெஷினை எடுக்க எந்த ஆளும் சம்மதிக்கவில்லை. மணல் கொட்டினார்கள், தண்ணீர் விட்டார்கள், மறுபடி மணல் கொட்டினார்கள். மெஷின் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அப்பா இந்தத் தடவை கொத்தனார் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஆள் உயரத்துக்கு ஒரு குழாயும் நட்டு, அதற்குத் தானே பெயிண்ட் அடித்தார். தங்கையிடம் அவர் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவு இல்லை. அந்தக் குழாய்தான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு என்று நினைக்கிறேன். அத்தைக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தெரியாது.

ஏனென்றால் மெஷின் போனதும் அத்தை எங்கள் வீட்டில் சும்மா இருப்பவளாகிவிட்டாள். முசிறியிலிருந்து சமாதானம் பேச வந்தவர்களின் குரல் இப்போது தெளிவாகக் கேட்டது. "கொஞ்ச நாளைக்குப் போய் இருந்து பாரும்மா" என்றார் அப்பா. புரட்டாசியில் ஒரு காலை பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். ஒரு துணிப்பை, பிஸ்கட் டப்பா, அவ்வளவுதான் சாமான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாக என்னிடம், "பாப்பா, அந்த மணல் பக்கம் போயி விளையாடாத. இன்னும் எறங்கும்" என்றாள்.

என் கவுன் பையில் அவளுடைய பாபின் ஒன்று இருந்தது. ஆடிப் பதினெட்டன்று ஆற்றங்கரையில் விளையாட எடுத்துப் போனது. திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல சமயம் இருந்திருக்காது. நான் கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றேன்.

முசிறியில் நாலு வருஷம் இருந்தாள். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவள் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை. ஒரு நாள் திரும்பி வந்தாள். எங்கள் வீட்டுக்கு அல்ல, உறையூருக்கு. ஒரு கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்து, பிறகு சொந்தமாக ஒரு மெஷின். எழுபது வயதில் இன்னும் தைக்கிறாள்.

சோபாவுக்கு அடியில் பிடிபட்ட மறுநாள் நான் உறையூருக்குப் பஸ் ஏறினேன். அத்தை வாயில் இரண்டு குண்டூசியோடு ஒரு பாவாடைக்குக் கரை மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பெரிய வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"அத்தை, அன்னிக்கு நான் பொய் சொன்னேன். பாபின் ஓட்டைப் பக்கம் போகல."

அவள் குண்டூசிகளை எடுத்துத் துணியில் குத்தினாள். "தெரியும்."

"தெரியுமா?"

"மூணு வருஷம் அந்தத் தரையில ஊசியைத் தேடினவ நான். எது எங்க உருளும்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அப்பாகிட்ட சொல்லல?"

"சொன்னா உன்னைத் தோலை உரிச்சிருப்பாரு. தரை நேராயிருக்குமா?"

மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினாள். "நீ நெசத்தைச் சொல்லியிருந்தா மெஷின் தப்பிச்சிருக்கும். அது உண்மைதான். இல்லேன்னு நான் சொல்லமாட்டேன்." அவ்வளவுதான் சொன்னாள். ஆறுதலாக அதற்கு மேல் ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

கைப்பையைத் திறந்து பாபினை அவள் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து, அதை உள்ளே போட்டு மூடினாள்.

"இது உங்கிட்டதான் இருந்துச்சா? பன்னெண்டுல ஒண்ணு கொறையுதேன்னு, உங்கம்மா போய்ச் சேர்ற வரைக்கும் அவளத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன், பாவம்."